தொடாது அறியும் கருவி: சுழல்தண்டின் அசைவும் சுழிப்பு மின்னோட்டமும்

மின்னிலையத்துச் சுழலி, எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையின் வாயு அமுக்கி, உரத் தொழிற்சாலையின் பெரும் பம்பி ஆகிய யாவற்றுக்கும் உயிர்நிலையாய் அமைந்தது ஒரு சுழல்தண்டேயாம். இலங்கை உட்பட 50 மீடிறனில் மின் வழங்கும் நாடுகளில், இரு முனைவுகளையுடைய மின்பிறப்பாக்கியின் தண்டு நிமிடத்துக்கு 3000 முறை சுழலல் வேண்டும். அத்தண்டின் விட்டம் 100 மில்லிமீற்றர் எனக் கொள்வோமாயின், அதன் மேற்பரப்பு செக்கனுக்கு 15 மீற்றருக்கும் மேலான வேகத்தில் ஓடுகின்றது. இத்தகைய தண்டு, பெயாரிங் என வழங்கும் போதிகையினுள் உலோகத்தோடு உலோகம் உராயாது, மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து சுழல்கின்றது. தண்டுக்கும் போதிகைக்கும் இடையேயுள்ள வெளி ஒரு மில்லிமீற்றரின் சிறு பின்னமே. அவ்வெளியினுள்ளே தண்டு எங்கு நிற்கின்றது, எவ்வளவு அசைகின்றது என்பதை அறிவதெங்ஙனம்? இவ்வினாவுக்கு விடையாய் அமைந்த கருவியைப் பற்றியே ஈண்டுக் கூற எண்ணுகின்றோம்.

முற்காலத்து இயந்திரவினைஞர் திருகாணிச்செலுத்தியின் நுனியைப் போதிகையின் உறைமீது வைத்து, அதன் பிடியைக் காதோடு சேர்த்து ஓசையைக் கேட்டு நோயறிந்தனர். அக்கலை போற்றத்தக்கதே. ஆயினும் உறை கனத்ததாயும் சுழலி இலேசானதாயும் உள்ள பொறிகளில், தண்டின் அசைவிற் பெரும்பகுதியை எண்ணெய்ப் படலம் தன்னுள் அடக்கிவிடுகின்றது. தண்டு உள்ளே தத்தளிக்க, உறையோ அமைதியாயிருக்கும். தண்டின்மீதே ஒரு கோலை அழுத்தி அளக்கலாம் எனின், மேற்கூறிய வேகத்தில் அதன் நுனி தேய்ந்துபோம். ஆதலின் தண்டைத் தொடாமலே தண்டினை அளத்தல் வேண்டிற்று.

இதற்குரிய தத்துவம் பழையது. 1824 ஆம் ஆண்டில் அராகோ என்னும் பிரெஞ்சு அறிஞர், செப்புத் தட்டு ஒன்று சுழலும்போது அதன் மேலே தொங்கும் காந்த ஊசியும் உடன் திரும்புதலைக் கண்டார். செப்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருளன்றாதலின் இஃது அறிஞரை வியப்பில் ஆழ்த்திற்று. 1831 இல் மின்காந்தத் தூண்டலைக் கண்ட பரடே அப்புதிரை விடுவித்தார். மாறும் காந்தப்புலம் உலோகத்தினுள் மின்னோட்டத்தைத் தூண்டுகின்றது. அவ்வோட்டம் ஆற்றுநீரிற் சுழிகள் எழுவதுபோல வட்டமிட்டு ஓடுகின்றது. 1855 இல் பூக்கோ என்பார் காந்த முனைவுகளின் நடுவே செப்புத் தட்டைச் சுழற்றி, அதனைச் சுழற்றுதற்கு மிகுந்த விசை வேண்டியிருத்தலையும் தட்டு வெப்பமடைதலையும் காட்டினார். இதனையே சுழிப்பு மின்னோட்டம் என்கின்றோம். எமது கல்லூரியிற் பௌதிகம் பயின்றார்க்கு இவ்வோட்டம் புதியதன்று. மின்மாற்றியின் அகணியை மென்றகடுகளாக அடுக்குவது இதனைக் குறைத்தற்பொருட்டே எனக் கற்றிருப்பர். ஆங்கே வீண்செலவாகக் கருதப்பட்ட அதுவே ஈங்குப் பயன்தரு தூதுவனாகின்றது.

கருவியின் அமைப்பு எளியது. விரலளவான ஒரு சலாகையின் நுனியிற் சிறு கம்பிச்சுருள் ஒன்று காவலிப்பொருளுட் பதிக்கப்பட்டிருக்கும். அச்சலாகை போதிகையினருகே, தண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தொலைவில் நிறுத்தப்படும். அலையாக்கி ஒன்று அச்சுருளினூடு செக்கனுக்குப் பத்து இலட்சம் முறை என்னும் அளவில் மாறும் மின்னோட்டத்தைச் செலுத்துகின்றது. சுருளைச் சூழ்ந்தெழும் காந்தப்புலம் தண்டின் மேற்றோலிற் சுழிப்பு மின்னோட்டங்களைத் தூண்டுகின்றது. அவ்வோட்டங்கள் அலையாக்கியின் சத்தியிற் சிறிது கவர்ந்துகொள்ள, அலையின் வீச்சுக் குறைகின்றது. தண்டு நெருங்கின் இழப்பு மிகும். விலகின் இழப்புக் குறையும். வீச்சின் இவ்வேற்றத்தாழ்வை வோல்ற்றளவாக மாற்றித் தருவதே கருவியின் தொழில். பரவலாக வழங்கும் அமைப்பில் ஒரு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 8 வோல்ற்று என்பது கணக்கு. எனவே தண்டு ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு அசையினும் 0.4 வோல்ற்று மாறுதல் தோன்றும். இடையே உள்ள காற்றோ எண்ணெயோ மின்கடத்தாமையின் அளவையைக் கெடுப்பதில்லை.

இவ்வோல்ற்றளவில் இருவகைச் செய்திகள் உள. அதன் நிலையான பகுதி தண்டு போதிகையுள் எவ்விடத்தில் தங்கியுள்ளது என்பதைக் காட்டும். விரைந்து மாறும் பகுதி அதிர்வைக் காட்டும். செங்கோணத்தில் இரு சலாகைகளை வைத்து அலைவுகாட்டியில் இணைப்பின், தண்டின் மையம் செல்லும் பாதையே திரையில் வரையப்படும். தண்டிற் பாரம் ஒருபுறம் மிகின், சுற்றுக்கு ஒருமுறையாகும் அதிர்வு ஓங்கும். இணைத்த இரு தண்டுகள் நேர்கோட்டில் அமையாவிடின், சுற்றுக்கு இருமுறையாகும் அதிர்வு மிகுதலும் பாதை நசுங்குதலும் உண்டு. எண்ணெய்ப் படலமே தண்டைச் சுழற்றி அலைக்குமாயின், அவ்வலைவு சுழற்சி வேகத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவாக நிகழும். தண்டில் வெட்டிய ஒரு தவாளிப்பை நோக்கி மூன்றாவது சலாகை ஒன்றை வைப்பின், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்புக் கிடைக்கும். அதனைக்கொண்டு பாரம் எப்பக்கத்தது எனக் கணிக்கலாம்.

அமெரிக்கரான டொனால்ட் பென்ற்லி என்பார் 1950 களில் இக்கருவியைத் தொழிற்சாலைக்கு ஏற்றதாக்கி விற்கத் தொடங்கினார். 1976 இல் அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம் இதற்கென ஒரு நியமத்தை வெளியிட்டது. அதன்பின் பெரும்பொறிகளில் இஃது இன்றியமையாததாயிற்று.

எனினும் இக்கருவியைக் கையாளுவார் சில நுட்பங்களை மறத்தலாகாது. சுழிப்பு மின்னோட்டம் தண்டின் மேற்றோலில் மட்டுமே ஓடுமாதலின், அங்குள்ள கீறலும், எஞ்சிய காந்தத்தன்மையும், உலோகக் கலப்பின் வேறுபாடும் அதிர்வுபோலத் தோற்றும். ஆதலாற் பொறியை மெல்லச் சுழற்றி அப்பொய்யசைவை முன்னரே அளந்து கழித்தல் முறை. உருக்குக்கு அளவுகோடிட்ட கருவி அலுமினியத்தில் வேறு விடை தரும். சலாகைக்கும் அலையாக்கிக்கும் இடைப்பட்ட வடத்தின் நீளமும் கணக்கிற் சேர்ந்ததே. மிகையாய்த் தொங்குகின்றதெனக் கருதி அதனை வெட்டுதல் பிழையாம்.

இவையெல்லாவற்றினும் பெரிய நுட்பம் ஒன்றுண்டு. 2009 ஆம் ஆண்டு ஓகத்து 17 ஆந் திகதி, உருசியாவில் யெனிசே ஆற்றின்மீதுள்ள சயானோ-சூசென்ஸ்காயா நீர்மின்னிலையத்தில் இரண்டாம் சுழலித்தொகுதி பெயர்ந்தெழ, வெள்ளம் பொறிமண்டபத்துட் புகுந்து 75 பேர் மாண்டனர். சுழலியின் மூடியைப் பிணித்த முளையாணிகள் நெடுநாள் அதிர்வால் இளைத்து வெடித்திருந்தன. விபத்துக்குச் சற்று முன் போதிகையின் அதிர்வு வீச்சு, 160 மைக்கிரோன் என்னும் எல்லையைக் கடந்து 840 மைக்கிரோனை எட்டியிருந்ததென விசாரணை அறிக்கை கூறிற்று. தொடர்ந்து அதிர்வைக் கண்காணிக்கும் அமைப்பொன்று அவ்வாண்டிலேயே அத்தொகுதிக்குப் பொருத்தப்பட்டும், அது முறைப்படி இயக்கத்துக்கு எடுக்கப்படவில்லை என்பதும் அவ்வறிக்கையின் கூற்று.

எண் கூறுவது கருவியின் கடன். எந்த எண்ணிற் பொறியை நிறுத்துவது என முன்னரே வரையறுத்தலும், அவ்வெண் வந்தவழி மின்வழங்கலின் நெருக்கடியையோ மேலதிகாரியின் முகத்தையோ நோக்காது நிறுத்துதலும் மாந்தர் கடன். எமது பழைய மாணவருட் பலர் இன்று இந்நாட்டிலும் பிறநாட்டிலும் பொறிமண்டபங்களுக்குப் பொறுப்பாயுள்ளனர். அவர்தம் மேசைமீதுள்ள அம்முள்ளின் அசைவுக்குப் பின்னே, கீழ்த்தளத்தில் வேலைசெய்வோரின் உயிர்கள் உள என்பதை ஒருபோதும் மறவாதிருப்பாராக.