பிரேக் இல்லாத சைக்கிளும், பிரேக் போடப்பட்ட சைக்கிள்காரரும்

புதுதில்லி: பிரேக் இல்லாத சைக்கிளை நகரச் சாலையில் ஓட்டலாமா என்ற கேள்வி, லண்டன், பெர்லின், டோக்கியோ போன்ற நகரங்களில் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. கொல்கத்தாவில் எழுந்த கேள்வியோ வேறு. பிரேக், மணி, விளக்கு எல்லாம் இருந்தாலும் சைக்கிள் என்ற ஒரே காரணத்துக்காக அதைச் சாலையை விட்டு அகற்றலாமா என்பதுதான் அது. அகற்றலாம் என்று முதலில் முடிவெடுத்தது இடதுசாரி அரசின் காலம். அதை மேலும் விரிவுபடுத்தியது திரிணமூல் காங்கிரஸ் அரசின் காலம். மற்ற எல்லாவற்றிலும் மோதிக்கொண்ட இரு தரப்பும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பாதையில் சென்றன.

"ஃபிக்ஸ்டு கியர்" எனப்படும் சைக்கிளில் பின்சக்கரத்தின் பல்சக்கரம் சக்கரத்தோடு நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கும். நம் ஊர் சைக்கிள் கடைகளில் "பிரீவீல்" என்று சொல்வார்களே, அது இதில் இல்லை. சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும்; இறக்கத்தில் காலை அசைக்காமல் சும்மா உட்கார்ந்து வர முடியாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் சுழலும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். பழகியவர்கள் உடல் எடையை முன்னே சாய்த்துப் பின்சக்கரத்தை இறுக்கி, சறுக்கி நிறுத்துவார்கள். பந்தயத் தளங்களில் ஓடும் சைக்கிள்களுக்கு பிரேக் கிடையாது. அங்கே எல்லாரும் ஒரே திசையில் செல்வதால், ஒருவர் திடீரென பிரேக் பிடிப்பதுதான் ஆபத்து. அந்தச் சைக்கிளை நியூயார்க் நகரின் கடிதம் கொண்டு செல்லும் தொழிலாளர்கள் சாலைக்குக் கொண்டுவந்தனர். எடை குறைவு, பழுது குறைவு, செலவும் குறைவு. பின்னர் அதுவே உலகெங்கும் இளைஞர்களின் நாகரிகமாயிற்று.

தொழிலாளியின் சிக்கனம் நாகரிகமானபோது சட்டமும் விழித்துக்கொண்டது. பெர்லின் போலீஸார் 2009-ல் இத்தகைய சைக்கிள்களைப் பறிமுதல் செய்தனர். ஜப்பானில் 2011-ல் கடும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. பிரிட்டனில் 1983-ம் ஆண்டின் விதிகள், ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக் அமைப்புகள் வேண்டும் என்கின்றன. பிணைக்கப்பட்ட பின்சக்கரம் அவற்றில் ஒன்றாகக் கருதப்படும்; எனவே முன்சக்கரத்துக்கு பிரேக் கட்டாயம். லண்டனில் 2016-ல், முன் பிரேக் இல்லாத சைக்கிளில் வந்த இளைஞர் மோதியதில் சாலையைக் கடந்த பெண் ஒருவர் உயிரிழந்தார். குதிரை வண்டிகளின் காலத்தில், 1861-ல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் அந்த இளைஞருக்கு 2017-ல் 18 மாதத் தண்டனை விதிக்கப்பட்டது. கடுமையானதுதான் என்றாலும், அங்கே சட்டம் கேட்டது சரியான கேள்வி: இந்த வாகனத்தால் நிற்க முடியுமா?

38 சாலைகள், 174 சாலைகள்

கொல்கத்தா காவல்துறை கேட்டது, இந்த வாகனத்தால் விரைந்து ஓட முடியுமா என்று. 2008-ல் 38 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதிக்கப்பட்டது. 2013-ல் அது 174 சாலைகளாக விரிந்தது. சைக்கிள் மட்டுமல்ல, தள்ளுவண்டி, மூன்று சக்கர மிதிவண்டி என மோட்டார் இல்லாத வாகனங்கள் பலவும் இதில் சிக்கின. குறுகிய சாலைகளில் மெதுவாகச் செல்லும் வாகனங்கள் போக்குவரத்தைத் தடுக்கின்றன என்பதே சொல்லப்பட்ட காரணம். கொல்கத்தாவில் சாலைகளுக்குக் கிடைத்திருப்பது நகரின் பரப்பில் சுமார் 6 சதவீதமே. தில்லியில் இது 20 சதவீதத்தைத் தாண்டும். இட நெருக்கடி உண்மை. ஆனால் ஒரு கார் நிற்கும் இடத்தில் எத்தனை சைக்கிள்கள் நிற்கும் என்ற எளிய கணக்கை அந்த உத்தரவு போட்டுப் பார்க்கவில்லை.

மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகத்துக்காக 2008-ல் தயாரிக்கப்பட்ட ஆய்வு, கொல்கத்தாவின் பயணங்களில் 11 சதவீதம் சைக்கிளில் நடப்பதாகவும், காரில் நடப்பவை 8 சதவீதம் என்றும் கூறியது. நடந்து செல்வோர் 19 சதவீதம். அதாவது, முதல் தடை வந்த அதே ஆண்டில், காரில் செல்வோரைவிட சைக்கிளில் செல்வோரே அதிகம் என்பது அரசின் ஆவணத்திலேயே இருந்தது.

இந்த 11 சதவீதத்தினர் யார்? விடியற்காலையில் செய்தித்தாள் போடுபவர்கள், பால்காரர்கள், கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலத்தின் மீன் குட்டைகளிலிருந்து அலுமினியப் பாத்திரங்களில் மீன் கொண்டுவருபவர்கள், தாபாவின் காய்கறி வயல்களிலிருந்து வருபவர்கள், கட்டடத் தொழிலாளர்கள், காவலாளிகள். தடைசெய்யப்பட்ட சாலையில் பிடிபட்டால் 100 ரூபாயும் அதற்கு மேலும் அபராதம். காரில் செல்பவருக்கு அது வாகன நிறுத்தக் கட்டணம். பால்காரருக்கு ஒரு நாள் வருமானத்தில் பெரும்பகுதி. பிரதான சாலையைத் தவிர்க்க முயன்றால் சந்து சந்தாகச் சுற்ற வேண்டும். அந்தச் சந்துகளும் எங்காவது ஒரு பிரதான சாலையில்தான் போய் முட்டும்.

2013-ல் எதிர்ப்பு கிளம்பியது. "சக்ர சத்தியாக்கிரகம்" என்ற பெயரில் சைக்கிள்காரர்கள் திரண்டனர். தன்னார்வ அமைப்புகள் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. தில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தடையைக் கண்டித்தது. பின்னர் சாலைகளின் எண்ணிக்கை 62 ஆகக் குறைக்கப்பட்டது. எண்ணிக்கை குறைந்ததே தவிர, கொள்கை மாறவில்லை.

ஒரு கையில் சைக்கிள், மறு கையில் அபராதம்

இதில் விசித்திரம் என்னவெனில், இதே மாநிலம்தான் 2015-ல் "சபுஜ் சாத்தி" திட்டத்தைத் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மற்றும் மதரஸா மாணவர்களுக்கு இலவச சைக்கிள். இதுவரை வழங்கப்பட்டவை ஒரு கோடிக்கும் மேல். மாவட்டத்துப் பள்ளியில் அரசு கொடுத்த அந்தச் சைக்கிளோடு, படிப்பு முடித்து வேலைதேடி ஓர் இளைஞர் தலைநகருக்கு வந்தால், அதே அரசின் காவலர் அவரை ஓரங்கட்டி ரசீது கிழிக்கலாம்.

இந்தத் திட்டத்தின் அருமை தமிழ் வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாணவிகளுக்கு இலவச சைக்கிள் தரும் வழக்கம் தமிழகத்தில் 2001-02லேயே தொடங்கிவிட்டது. அதற்கும் பத்தாண்டுகளுக்கு முன், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியராக ஷீலாராணி சுங்கத் இருந்த காலம் அது. கல் குவாரித் தொழிலாளிப் பெண்களும், அங்கன்வாடி ஊழியர்களும் பின்னால் தண்ணீர்க் குடமும் முன்னால் குழந்தையுமாகச் சைக்கிள் ஓட்டியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி, நாடு அறிந்தது. பேருந்துக்காகவும் ஆண் துணைக்காகவும் காத்திருந்தவர்கள் காத்திருப்பதை நிறுத்தினார்கள். அந்த மாவட்டத்தின் சாலைகளும் அகலமானவை அல்ல.

உண்மையில் பிரேக் இல்லாத வாகனம் ஒன்று கொல்கத்தாவில் இருக்கிறது. அது கைரிக்ஷா. இரண்டு பெரிய சக்கரங்கள், இரண்டு கம்புகள், ஒரு கைமணி. நிறுத்த வேண்டுமானால் இழுப்பவர் தன் உடலைப் பின்னுக்குச் சாய்த்து, வெறுங்காலைத் தாரில் ஊன்றி நிறுத்த வேண்டும், மனிதரே பிரேக். புத்ததேவ் பட்டாச்சார்யா அரசு இதை மனிதத்தன்மையற்றது எனக் கூறி, 2006-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. மறுவாழ்வு என்ன என்ற கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாததால் தொழிலாளர்கள் நீதிமன்றம் சென்றனர். சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. அங்கே அரசு சொன்ன காரணத்தை மறுப்பது கடினம். சைக்கிளுக்கு அத்தகைய காரணம்கூட இல்லை.

தில்லியின் பங்கு

மத்திய அரசின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-ல் வெளியானது. வாகனங்களுக்கு அல்ல, மனிதர்களுக்கே சாலை என்பதும், நடப்போருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்பதும் அதன் அடிப்படை. இரண்டே ஆண்டுகளில் கொல்கத்தா தடை வந்தது. தில்லியில் கொள்கை எழுதலாம்; சாலையில் யார் செல்லலாம் என்பதை முடிவு செய்வது மாநிலமும் அதன் போக்குவரத்துப் போலீஸாருமே.

2020-ல் கொரோனா வந்தபோது நிலைமை தற்காலிகமாக மாறியது. பேருந்தில் நெருக்கியடிக்க முடியாது, புறநகர் ரயிலும் ஓடவில்லை. அந்த ஜூன் மாதம் முதல்வர் மம்தா பானர்ஜியின் யோசனையைத் தொடர்ந்து, பிரதான சாலைகள் நீங்கலாக சைக்கிளுக்கு அனுமதி அளிக்கப்பட்டது. அதுவரை இடையூறாகக் கருதப்பட்டவர்கள் ஒரே இரவில் அத்தியாவசியமானார்கள். அதே மாதம் மத்திய அரசு நகரங்களுக்கிடையே சைக்கிள் பாதைப் போட்டி ஒன்றை அறிவித்தது. 2021-ல் அதில் முன்னணியில் தேர்வான 11 நகரங்களில் ஒன்று, கொல்கத்தாவை ஒட்டியுள்ள நியூ டவுன். அங்கே சைக்கிளுக்குத் தனிப்பாதை. சில கிலோமீட்டர் தள்ளி, பழைய நகரத்தில் தடைப் பலகை.

மெதுவாகச் செல்வது குற்றம் என்ற வாதம் சைக்கிளோடு நிற்கவில்லை. 1873-ல் குதிரைகள் இழுக்கத் தொடங்கி, 1902-ல் மின்சாரத்துக்கு மாறிய டிராம் வண்டிகள், போக்குவரத்தைத் தாமதப்படுத்துவதாகக் கூறப்பட்டு, மைதான்-எஸ்பிளனேடு இடையே பாரம்பரியச் சின்னமாக ஒரு தடத்தில் மட்டும் ஓடும் என்று 2024 செப்டம்பரில் மாநிலப் போக்குவரத்துத் துறை அறிவித்தது.