அழைத்தவர்களின் ஆலயம்

தேவாலயங்கள் வெள்ளைக்காரர்கள் விட்டுச்சென்ற எச்சம் என்ற பேச்சு தமிழகத்தில் அடிக்கடி எழுகிறது. குமரி மாவட்டத்து மயிலாடியின் வரலாறு அதற்கு ஒத்துவரவில்லை. தென்திருவிதாங்கூரில் தீண்டாமைக்கு ஆளான சமூகத்தில் பிறந்த மகாராசன், 1799-இல் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். தம் மக்களுக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806-இல். ஆலயம் கட்ட பிரிட்டிஷ் ரெசிடென்ட் மெக்காலேயின் ஆதரவு தேவைப்பட்டதே என்று கேட்கலாம். உண்மைதான், அதிகாரத்தின் நிழல் இல்லாமல் அந்தச் சுவர்கள் எழுந்திருக்காது. ஆனால் அந்த ரெசிடென்ட் சார்ந்த கிழக்கிந்தியக் கம்பெனியே, வியாபாரம் கெட்டுவிடும் என்று அஞ்சி, 1813 வரை தன் எல்லைக்குள் மிஷனரிகளைத் தாராளமாக விட்டதில்லை. அதிகாரம் கதவைத் திறந்தது. உள்ளே போக முடிவெடுத்தவர்கள் மிதிபட்ட மக்கள்.

அவர்கள் தேடியது மறுமையை மட்டுமல்ல. நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் நுணுக்கமான வேலை அது. அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய அடிமைப் பெண்கள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததோ 1855-இல்தான். மிஷன் பள்ளிக்குப் போன பெண்கள் ரவிக்கை அணிந்ததில் மூண்ட தோள்சீலைக் கலகம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1859-இல் வந்த அரச அறிவிப்பு, கிறிஸ்தவர் அல்லாத நாடார் பெண்களுக்கும் மேலுடை உரிமையைத் தந்தது. மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதே மண்ணில், சபைக்கு வெளியே, அய்யா வைகுண்டரும் மானத்துக்காக மக்களைத் திரட்டினார். அந்தத் தாகத்தை மிஷனரிகள் கப்பலில் கொண்டுவரவில்லை.

சபைக்குள் சாதி ஒழிந்ததா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. ஒழியவில்லை. வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயம், இரண்டு சாதித் தரப்பினர் ஒருவரையொருவர் பார்க்காமல் பீடத்தைப் பார்க்கும்படி, இரண்டு கைகளாகப் பிரித்தே கட்டப்பட்டது. நடுவிலிருந்த தடுப்புச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சாதி உரிமை கோரியவர்கள் தோற்றார்கள். ஆனாலும் தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறை ஒதுக்கும் ஊர்கள் இன்றும் உள்ளன. இதற்குக் காலனி ஆட்சியைக் காரணம் காட்ட முடியாது. பொறுப்பு ஆயர்களுக்கும் பங்கு மக்களுக்கும் உரியது. அரசும் கை கழுவ முடியாது: பட்டியல் சாதி பற்றிய 1950 ஆணை 1956-இல் சீக்கியர்களுக்கும் 1990-இல் பௌத்தர்களுக்கும் விரிந்தது, தலித் கிறிஸ்தவர்களையோ, கல்லறையில்கூட சாதி துரத்தும்போது, சாதியற்றவர்களாகக் கணக்கில் வைக்கிறது.