கை கால் விழாமலும் பக்கவாதம் வரும்

பக்கவாதம் என்றால் வாய் கோணும், ஒரு பக்கம் கை கால் விழும் என்பதுதான் நாம் அறிந்தது. அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோயோடு பிறந்த குழந்தைக்கு இவை எதுவும் இல்லாமலே மூளையின் சிறு பகுதி ரத்தம் கிடைக்காமல் செத்துப்போகலாம். வலி இருக்காது. 18 வயதுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி நேர்வதாக மேலைநாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. வெளியே தெரிவது ஒன்றுதான்: நன்றாகப் படித்த பிள்ளை மறக்கிறது, கவனம் சிதறுகிறது, மதிப்பெண் சரிகிறது. "படிப்பு ஏறலை" என்று திட்டும் வாங்குகிறது. அந்தத் திட்டு எனக்குப் பொறுக்கவில்லை. அடிபட்டது மூளை, பிள்ளையின் அக்கறை அல்ல.

இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். அதற்காகக் கூடுவாஞ்சேரியில் இருப்பவர் இதை மலைநோய் என்று ஒதுக்கிவிட முடியாது. மறைமலைநகர், ஒரகடம் ஆலைகளில் வேலைக்கு வந்து இந்தப் பக்கம் குடியிருப்பவர்களில் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் குடும்பங்கள் உண்டு. இந்த நோய் பரவலாக உள்ள மாநிலங்கள் அவை.

ஆபத்தை முன்கூட்டியே காட்ட ஒரு சோதனை இருக்கிறது: டிரான்ஸ்கிரேனியல் டாப்ளர். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. நெற்றிப்பொட்டின் ஓரமாகக் கருவியை வைத்து, மூளைக்குப் போகும் ரத்தத்தின் வேகத்தை அளப்பார்கள். குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீறிடுவதுபோல, நாளம் சுருங்கினால் வேகம் கூடும். நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டால் அபாயம். அப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றியதில் முதல் பக்கவாதம் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததை 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு நிறுவியது. கடுமையான வகை நோயுள்ள பிள்ளைகளுக்கு 2 முதல் 16 வயது வரை ஆண்டுதோறும் இந்தச் சோதனை வேண்டும்.

ஆனால் டாப்ளர் பார்ப்பது பெரிய நாளங்களை மட்டுமே. ஏற்கெனவே நடந்துபோன சத்தமில்லாத பாதிப்பை எம்.ஆர்.ஐ. மட்டுமே காட்டும். மயக்க மருந்தின்றி அசையாமல் படுக்கும் வயது வந்ததும் ஒருமுறையாவது எடுத்துவிட வேண்டும். பாதிப்பு தெரிந்தால், மாதாமாதம் ரத்தம் ஏற்றுவது அடுத்த பாதிப்பின் வாய்ப்பை 50 சதவீதத்துக்கு மேல் குறைக்கிறது என்று 2014இல் தெரியவந்தது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும் பலருக்குக் கைகொடுக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது. மண்ணீரல் எடுக்கப்பட்ட தலசீமியா இண்டர்மீடியா நோயாளிகளுக்கும் இதே சத்தமில்லாத பாதிப்பு வருவதுண்டு. அவர்களும் எம்.ஆர்.ஐ. பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இனி உரிமைகள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாள் செல், தலசீமியா, ஹீமோபிலியா மூன்றையும் குறைபாடுகளாக ஏற்கிறது. பாதிப்பு குறைந்தது 40 சதவீதம் என்று சான்று பெற்றால் அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். அதே சட்டத்தின் வேலை ஒதுக்கீட்டுப் பட்டியலில் ரத்த நோய்கள் இல்லை. இது அநீதி, திருத்தப்பட வேண்டும். இந்த நோயாளிகளுக்குக் கட்டணமின்றி, மாற்று ரத்தம் கேட்காமல் ரத்தம் தர வேண்டும் என்பது தேசிய ரத்தமாற்றுக் கழகத்தின் வழிகாட்டுதல். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். மாற்றுத்திறனாளி என்ற முறையில் பாகுபாடு காட்டப்பட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் தரலாம். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தின் 17 மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. 40 வயது வரை உள்ளவர்களைச் சோதிப்பது அதன் இலக்கு.

திடீரென்று பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் தளர்ந்தாலோ உடனே 108. வருபவரிடம் முதல் வார்த்தையாக நோயின் பெயரைச் சொல்லுங்கள். அரிவாள் செல் உள்ள குழந்தைக்குப் பக்கவாதம் வந்தால் அவசர சிகிச்சை ரத்தம் மாற்றுவது. மற்றவர்களுக்குத் தரும் வழக்கமான பக்கவாத சிகிச்சை அல்ல.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ, இரண்டுக்கும் கூடுவாஞ்சேரியிலிருந்து மின்ரயில் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது பழைய சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். "என் பிள்ளைக்குக் கடைசியாக டாப்ளர் எப்போது எடுத்தீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.