உலை அணைந்த பிறகு

ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில், டூயிஸ்பர்க் நகரின் மைடரிஷ் பகுதியில் 1901ஆம் ஆண்டு ஓர் இரும்பு ஆலை நிறுவப்பட்டது. தைசன் நிறுவனம் தனது நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டியே அதைக் கட்டியது. ஐந்து ஊதுலைகள் கொண்ட அந்த ஆலை, மூடப்படும் வரை ஏறத்தாழ 3.7 கோடி டன் வார்ப்பிரும்பை உருக்கித் தந்தது. ஐரோப்பாவில் எஃகு தேவைக்கு மேல் குவிந்து, உற்பத்திக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்ட காலத்தில், 1985 ஏப்ரலில் அதன் கடைசி உலையும் அணைந்தது.

உற்பத்தி நின்றாலும் ஆலைக்குள் மாற்றங்கள் நிற்பதில்லை. இரும்பு துருப்பிடிக்கிறது, கான்கிரீட் தன் காரத்தன்மையை இழக்கிறது, மண்ணில் கசிந்த நஞ்சு நிலத்தடி நீரை நோக்கி நகர்கிறது, வெற்றுத் தரையில் செடி முளைக்கிறது. கைவிடப்பட்ட ஓர் ஆலையை ஆராய்வது என்பது இந்த மாற்றங்களை ஒவ்வொன்றாக அளந்தறிவதுதான்.

ஆலை இயங்கிய விதம்

எங்கே என்ன நஞ்சு தங்கியிருக்கும் என்பதை ஆலை இயங்கிய முறையே காட்டிக்கொடுக்கும். ஊதுலையின் மேல்வாய் வழியாக இரும்புத்தாது, கல்கரி, சுண்ணாம்புக்கல் ஆகியவை அடுக்கடுக்காகக் கொட்டப்படும். அடியிலிருந்து 1,000 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேற்றப்பட்ட காற்று செலுத்தப்படும். கல்கரி எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடு, தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும். உருகிய இரும்பு அடியில் தேங்கும். சுண்ணாம்போடு சேர்ந்த கசடு அதன்மேல் மிதக்கும்.

உலையின் உச்சியில் வெளிவரும் வாயுவிலும் கார்பன் மோனாக்சைடு மிகுந்திருக்கும். அதைத் தூசு நீக்கி, பெரிய கலன்களில் சேமித்து, காற்றைச் சூடேற்றும் கோபுரங்களில் எரிபொருளாக மீண்டும் பயன்படுத்துவார்கள். தூள் தாதுவைச் சுட்டுக் கட்டியாக்கும் பிரிவும் நிலக்கரியைக் கல்கரியாக்கும் பிரிவும் இத்தகைய ஆலைகளில் மண்ணை அதிகம் கெடுப்பவை. கன உலோகத் தூசும், தாரிலிருந்து வரும் புற்றுநோய் விளைவிக்கும் ஹைட்ரோகார்பன்களும் அங்கேதான் படிகின்றன.

துருவும் கான்கிரீட்டும்

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் இருந்தால் போதும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே அரிப்பு வேகம் கூடிவிடும். உருவாகும் துரு, அரிக்கப்பட்ட இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் துரு புகுந்தால், தறையாணிகளே தெறித்துப்போகும் அளவுக்கு அது தகடுகளை விலக்கித் தள்ளும்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் காப்பது அதைச் சூழ்ந்துள்ள காரத்தன்மை. புதிய கான்கிரீட்டின் பிஎச் மதிப்பு 12க்கும் மேல் இருக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நுண்துளைகள் வழியே நுழைந்து, சுண்ணாம்பைக் கார்பனேட்டாக மாற்றும். பிஎச் 9 அளவுக்கு இறங்கும்போது கம்பியின் காப்புப் படலம் சிதைந்து, துரு தொடங்கும். கான்கிரீட் வெடித்து உதிரும். இந்த ஊடுருவல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை, புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தே அறியலாம். காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும். காரம் இழந்த பகுதி நிறம் மாறாது. எஃகுத் தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை மீயொலிக் கருவி சொல்லும்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள்

மூடிக்கிடக்கும் தொட்டிகளும் குழாய்களும் சுரங்கப்பாதைகளும் உயிரைப் பறிக்கக்கூடியவை. துருப்பிடித்தல் ஆக்சிஜனை உறிஞ்சும் வினை என்பதால், பூட்டிய இரும்புத் தொட்டிக்குள் காற்றின் ஆக்சிஜன் அளவு 21 விழுக்காட்டிலிருந்து வெகுவாகக் குறைந்திருக்கலாம். இதை மூக்கால் உணர முடியாது. உள்ளே போனவர் முன்னறிகுறி இல்லாமலே மயங்கி விழுவார். கந்தக வாயு ஓடிய குழாய்களில் படிந்துள்ள இரும்பு சல்பைடு, காற்றுப்பட்டதும் தானே தீப்பிடிக்கக்கூடும்.

வெப்பம் காக்கச் சுற்றிய கல்நார் நாளடைவில் இழையிழையாகப் பிரிந்து காற்றில் மிதக்கும். பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் பிசிபி எனப்படும் குளோரின் சேர்மங்கள் இருக்கலாம். இதனால்தான் முறையான ஆய்வு, பழைய வரைபடங்களைப் படிப்பதில் தொடங்குகிறது. அடுத்து வாயு அளவீடு, கல்நார் மாதிரிச் சோதனை, மண், நிலத்தடி நீர்ச் சோதனை ஆகியவை நடக்கும். இவை முடிந்த பிறகே ஆட்கள் உள்ளே அனுப்பப்படுவார்கள். மேல்தளங்களின் நிலையை டிரோன்களும் லேசர் வருடிகளும் தொலைவிலிருந்தே பதிவுசெய்கின்றன.

குடியேறும் செடிகள்

கசடும் கரித்தூளும் நிறைந்த நிலத்தில் மட்கு குறைவு, நீர் தங்காது, வெயிலில் கடுமையாகச் சூடேறும். வறட்சியைத் தாங்கும் செடிகளுக்கு இது போட்டியில்லாத இடம். ரூர் வட்டாரத்தின் கைவிடப்பட்ட ஆலைகளில் முதலில் தலைதூக்கும் மரம் பிர்ச். காற்றில் பறக்கும் அதன் நுண்ணிய விதைகள் சுவர் வெடிப்பிலும் முளைக்கும். சீனாவைச் சேர்ந்த பட்லியா புதரும், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் பூச்செடியான செனிசியோவும் இங்கே வேரூன்றியுள்ளன. உலக வணிகம் சரக்கோடு சேர்த்து விதைகளையும் சுமந்து வந்ததற்குச் செனிசியோ சான்று.

இடிக்காமல் மீட்டது

1989இல் ரூர் வட்டாரத்தைச் சீரமைக்கும் பெருந்திட்டம் தொடங்கியபோது, மைடரிஷ் ஆலையை முழுவதுமாக இடிக்காமல் பூங்காவாக்க முடிவானது. நிலத்தோற்ற வடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ் தலைமையிலான குழு அதை வடிவமைத்தது. 1994இல் பூங்கா திறக்கப்பட்டது. நஞ்சு மிகுந்த இடங்களில் கட்டடம் அகற்றப்பட்டது. சில இடங்களில் கெட்ட மண் மூடி முத்திரையிடப்பட்டது. பாதிப்பு குறைந்த நிலம் செடிகளின் போக்கில் விடப்பட்டது. ஆலை வளாகத்தின் வழியே கழிவுநீர் ஓடிய எம்ஷர் கால்வாயில், கழிவு நிலத்தடிக் குழாய்க்கு மாற்றப்பட்டு, மேலே மழைநீர் ஓடுகிறது.

நச்சு வாயுவைத் தேக்கிய கலன் இன்று 45 மீட்டர் விட்டமும் 13 மீட்டர் ஆழமும் கொண்ட முக்குளிப்புக் குளம். தாது கொட்டிய தொட்டிகளின் சுவர்களில் மலையேற்றப் பயிற்சி நடக்கிறது. ஐந்தாம் ஊதுலையின் மேல்தளம் வரை மக்கள் ஏறிச் செல்கிறார்கள். ஆயினும் துரு நிற்காது. எஃகுக் கட்டமைப்பைத் தொடர்ந்து சோதித்துப் பழுதுபார்த்தால்தான் இந்தத் திறந்த வாசல் பாதுகாப்பானது. கைவிடப்பட்ட எந்த ஆலைக்கும் மைடரிஷ் காட்டும் வழி இதுவே: எதை அகற்ற வேண்டும், எதை மூடி வைக்க வேண்டும், எதை இயற்கையிடம் விடலாம் என்பதை அளவீடு தீர்மானிக்க வேண்டும். அந்த அளவீடு நடக்கும்வரை ஆலை மூடப்பட்டதாகக் கணக்கில் இருக்கலாம். அதன் பாதிப்பு முடிந்ததாகாது.