ஊருக்குத் திரும்பும் முன்

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. முன்பு அது மீனவர் கிராமமாக இருந்தது. 1800களின் இறுதியில் அங்கே தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பலர் அந்த வேலைக்குப் போனார்கள். அவர்கள் பின்னாலேயே உறவினரும் போனார்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழர்கள் குடியேறினார்கள்.

பிழைக்கப் போனவர்களில் பலருக்கு ஒரு நினைப்பு மாறவில்லை. “கடைசிக் காலத்தில் ஊருக்குப் போய்விட வேண்டும்” என்பதே அது.

சில சமயம் ஊர் திரும்புவது அவசரமாக நடக்கும். 1992, 1993 கலவரங்களின்போது பலர் அப்படிக் கிளம்பினார்கள். 2020 இல் கொரோனா வந்தது. ஊரடங்கில் வேலை நின்றது. அப்போதும் பலர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடினார்கள்.

அவசரம் இல்லாத நேரத்தில் திட்டமிட்டுத் திரும்பலாம். அதற்கு என்ன செய்ய வேண்டும்?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாராவியில் ஒரு கணவனும் மனைவியும் இருக்கிறார்கள். கணவர் தோல் பை தைக்கும் பட்டறையில் 35 ஆண்டுகள் வேலை செய்தவர். மனைவி விடியற்காலையில் இட்லி அவித்து விற்பவர். மகனுக்கு மும்பையில் வேலை. அவன் அங்கேயே இருப்பான். ஊரில் அப்பா கட்டிய ஓட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது.

முதலில் பேச வேண்டும்

“ஊருக்குப் போவோம்” என்று கணவர் சொன்னார். மனைவி உடனே பதில் சொல்லவில்லை. பிறகு கேட்டார்.

“இங்கே எனக்குத் தினமும் கையில் காசு வருது. அங்கே என்ன செய்வேன்? உங்களுக்கு நெஞ்சு வலி வந்தா யாரைக் கூப்பிடுவேன்?”

நியாயமான கேள்விகள். ஊர் திரும்புவதை ஒருவர் மட்டும் முடிவு செய்யக் கூடாது. வருமானம் எவ்வளவு குறையும்? ஆஸ்பத்திரி எத்தனை மைல்? பேருந்து உண்டா? தண்ணீர் எப்போது வரும்? இவற்றை இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும்.

இவர்கள் ஒரு முடிவு செய்தார்கள். முதலில் ஒரு மாதம் ஊரில் தங்கிப் பார்ப்பது. பிடித்தால் போவது.

வீடு யார் பெயரில்?

ஊருக்குப் போனதும் முதல் வேலை பட்டாவைப் பார்ப்பது. பட்டா அப்பா பெயரில் இருந்தது. அப்பா இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

இப்படிப் பலர் வீட்டில் உண்டு. பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால் பின்னால் சிக்கல் வரும். இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது.

தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்க வேண்டும். சொத்தின் பேரில் பதிவான விற்பனை, அடமானம் முதலியவை அதில் தெரியும். வாரிசுகள் கூடிப் பாகப் பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பிறகு பட்டாவில் பெயர் மாற்ற மனு கொடுக்க வேண்டும். இ-சேவை மையத்திலும் மனு கொடுக்கலாம்.

தம்பி ஒரு பத்திரம் எழுதி வைத்திருந்தார். “கையெழுத்துப் போடுங்கண்ணே” என்றார்.

அண்ணன் கண்ணாடியை எடுத்து மாட்டினார். முன்பென்றால் கைநாட்டு வைத்திருப்பார். இப்போது எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு வாரிசுகள் என்று எழுதியிருந்தது.

“தம்பி, தங்கச்சி பேர் எங்கே?”

“அவளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே, அண்ணே.”

நகை போட்டதால் பங்கு போய்விடாது. இந்து வாரிசுச் சட்டம் 1956 இல் வந்தது. அப்பா உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989 இல் சட்டம் வந்தது. 2005 இல் மத்திய சட்டமும் அப்படியே திருத்தப்பட்டது.

தங்கையை அழைத்துக் கேட்டார்கள். தங்கை சொன்னார்: “எனக்கு வீடு வேண்டாம் அண்ணே. ஆனா என்னைக் கேக்காமலே என் பேரை விட்டுட்டீங்களே.”

அண்ணனுக்குத் தலை குனிந்தது. பத்திரம் புதிதாக எழுதப்பட்டது. அதில் மூன்று பெயர்கள் இருந்தன. வீடு அண்ணனுக்கு. வயல் தம்பிக்கு. தோப்பு தங்கைக்கு. மூவரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

மும்பையில் முடிக்க வேண்டியவை

ஒரு மாதம் ஆனது. மனைவிக்கும் ஊர் பிடித்துவிட்டது. இருவரும் மும்பைக்குத் திரும்பி, செய்ய வேண்டிய வேலைகளை ஒரு தாளில் எழுதினார்கள்.

ரேஷன் கார்டு: ஒருவர் பெயர் இரண்டு கார்டுகளில் இருக்கக் கூடாது. நிரந்தரமாகப் போகிறவர் மும்பையில் பெயரை நீக்கிச் சான்று வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் புதிய கார்டுக்கு அந்தச் சான்று தேவைப்படும். கொஞ்ச காலம் மட்டும் தங்குபவருக்கு ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டம் உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் கார்டு இருந்தால், விரல் ரேகை வைத்து வேறு மாநிலத்திலும் தானியம் வாங்கலாம்.

கேஸ் இணைப்பு: சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு சீட்டு தருவார்கள். ஊரில் அதைக் காட்டிப் புதிய இணைப்பு வாங்கலாம்.

மருத்துவச் சீட்டுகள்: தாராவி மக்கள் பலர் சயான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அந்தக் கேஸ் பேப்பர்களைத் தூக்கி எறியக் கூடாது. ஊர் டாக்டருக்கு அவை உதவும். தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 இல் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த நோய்களுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் திட்டம் இது.

செல்போன் எண்: ஆதாரிலும் வங்கியிலும் கொடுத்த எண்ணை விட்டுவிடக் கூடாது.

பிள்ளைகள் இருந்தால்: பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது வரத் தாமதமானாலும் 8 ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

தாராவி வீடு: தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் இருக்கிறது. வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024 இல் தொடங்கியது. 1.1.2000க்கு முன்பிருந்தே தரைத் தளத்தில் குடியிருப்பவருக்கு, தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்று திட்டம் சொல்கிறது. அதற்குப் பழைய ஆதாரங்கள் வேண்டும். பழைய கரண்ட் பில், ஓட்டர் பட்டியல் நகல், ரேஷன் கார்டு நகல் எல்லாவற்றையும் பத்திரமாக வைக்க வேண்டும். ரேஷன் கார்டில் பெயரை நீக்கும் முன் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு தரகர் வந்தார். “ஊருக்குத்தானே போறீங்க? இதில் ஒரு கையெழுத்துப் போடுங்க. பணம் தர்றேன்” என்றார். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. கணவர் போடவில்லை. படிக்க முடியாத தாளில் கையெழுத்துப் போடுவது ஆபத்து. அவர் அதைச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டினார். வீட்டில் மகன் தொடர்ந்து குடியிருப்பது என்று முடிவாயிற்று.

பயணமும் ஊரும்

மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் நேரடி ரயில்கள் உண்டு. ஒன்றரை நாள் பயணம். ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை கட்டணம் இல்லாமல் கொண்டுபோகலாம். அதற்கு மேல் இருந்தால் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பத்திரங்களைப் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

ஊருக்கு வந்ததும் ஆதாரில் முகவரியை மாற்ற வேண்டும். மற்ற வேலைகளுக்கு அது உதவும். சந்தேகம் இருந்தால் 1947 என்ற எண்ணில் கேட்கலாம். ஓட்டர் பட்டியலில் இடம் மாற்றப் படிவம் 8 கொடுக்க வேண்டும். அதற்கு உதவி எண் 1950.

இந்தக் குடும்பம் ஊருக்கு வந்துவிட்டது. மனைவி திண்ணையில் இட்லிக் கடை போட்டார். தாராவியில் விற்ற அளவு விற்கவில்லை. ஆனாலும் அவர் கையில் காசு புரள்கிறது. கணவர் கிணற்றடியில் வாழை வைத்தார். மாலையில் மகன் போனில் பேசுகிறான்.

பொங்கலுக்குத் தங்கை வந்தார். அண்ணன் பட்டாவையும் பத்திரத்தையும் எடுத்துக் காட்டினார். தங்கை தன் பெயரை விரல் வைத்துப் படித்தார். பிறகு தோப்பைப் பார்த்துவர நடந்து போனார்.

சொந்த ஊர் என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. ஊர்ப் பதிவேட்டிலும் பெயர் இருக்க வேண்டும். பங்கு உள்ள எல்லோருடைய பெயரும் இருக்க வேண்டும்.