எடை கூடினால் பாதுகாப்பும் கூடுமா?

புனே நகரின் வடகிழக்கில், ஆளந்தி செல்லும் சாலையில் உள்ளது விஷ்ராந்த்வாடி. அதன் சந்திப்பில் சிறிது நேரம் நின்று பார்த்தாலே, இன்றைய நடுத்தரக் குடும்பம் எத்தகைய காரை விரும்புகிறது என்பது விளங்கிவிடும். உயர்ந்த இருக்கை, நிமிர்ந்த முகப்பு, அகன்ற சக்கரங்கள். ஆனால் நீளமோ நான்கு மீட்டருக்குள். 'காம்பாக்ட் எஸ்யூவி' எனப்படும் இவ்வகைக் கார்களை நாடுவோர் பலர் கூறும் காரணம் ஒன்றே: "வண்டி கனமாக இருக்கிறது, ஆகவே பாதுகாப்பாக இருக்கும்." பல ஆண்டுத் தவணையில் நாம் வாங்கும் ஒரு பொருளைப் பற்றிய இந்த நம்பிக்கை எந்த அளவுக்கு உண்மை என்று பார்ப்போம்.

கனம் எங்கிருந்து வருகிறது?

2006ஆம் ஆண்டின் மத்திய நிதிநிலை அறிக்கை, நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்திலும் அந்த எல்லைக்கோடு நீடிக்கிறது. நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள்ளும், பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசிக்குள்ளும், டீசல் எஞ்சின் 1,500 சிசிக்குள்ளும் இருந்தால் வரி 18 சதவீதம். மீறினால் 40 சதவீதம். எனவே நிறுவனங்கள் நீளத்தைக் கட்டுப்படுத்திவிட்டு, உயரத்திலும் அகலத்திலும் காரை வளர்த்தன. உயர்ந்த உடற்கூடு, பெரிய சக்கரங்கள், கண்ணாடிக் கூரை, கூடுதல் ஏர்பேக்குகள், கதவுகளினுள் பொருத்தப்படும் வலுவூட்டும் சட்டங்கள் என ஒவ்வொன்றும் சில கிலோவைச் சேர்க்கின்றன. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் கனமானது. மின்சாரக் காரிலோ பேட்டரியே பெருஞ்சுமை.

இவற்றுள் வலுவூட்டும் சட்டம் உயிர்காக்கும் எடை; கண்ணாடிக் கூரை வசதிக்கான எடை. தராசில் இரண்டும் ஒன்றே. மோதலில் இரண்டும் ஒன்றல்ல.

இயற்பியல் கூறும் கணக்கு

1,200 கிலோ எடையுள்ள காரும் 800 கிலோ எடையுள்ள காரும், தலா 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதாகக் கொள்வோம். மோதலுக்குப் பின் இரண்டும் சேர்ந்து, கனமான கார் சென்ற திசையில் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். அதாவது, கனமான காரில் இருப்போர் 40 கிலோமீட்டர் அளவுக்கு வேக மாற்றத்தைத் தாங்க வேண்டும். இலேசான காரில் இருப்போர் 60 கிலோமீட்டர் அளவுக்கு. கனம் காக்கிறது என்ற நம்பிக்கையில் உள்ள உண்மை இதுவே. ஆனால் அந்தக் காப்பு எதிரில் வருபவரின் இழப்பிலிருந்து பெறப்படுகிறது என்பதையும் இதே கணக்கு காட்டுகிறது.

மரத்திலோ பாலத்தின் தூணிலோ மோதும்போது இந்த அனுகூலம் இல்லை. அங்கே காரின் இயக்க ஆற்றல் முழுவதையும் அக்காரின் முகப்பே நசுங்கி உள்வாங்க வேண்டும். எடை ஒன்றரை மடங்கானால் அந்த ஆற்றலும் ஒன்றரை மடங்காகும். வேகம் 80லிருந்து 100 ஆனாலும் ஏறத்தாழ அதே அளவு உயரும். நீளத்தை நான்கு மீட்டருக்குள் அடக்கிய காரில் நசுங்குவதற்கான இடமும் குறைவு. ஆகவே முன்பகுதி சீராக மடங்குவதும், பயணிகள் அமரும் கூடு சிதையாமல் நிற்பதும் எடையால் அமைவன அல்ல; வடிவமைப்பாலும் உயர்வலிமை எஃகாலும் அமைவன.

நட்சத்திரங்கள் சொல்லும் செய்தி

புனேயை அடுத்த ரஞ்சன்காவ் ஆலையில் உருவான டாடா நெக்ஸான் இதற்கு நல்ல சான்று. 2018 ஆகஸ்டில் குளோபல் என்கேப் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்ற அக்கார், சில மேம்பாடுகளுக்குப் பின் அதே ஆண்டு டிசம்பரில், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் காராயிற்று. மறுபுறம், ஏறக்குறைய ஒரு டன் எடையே உள்ள மாருதி சுசூகி டிசையரும் 2024இல் அதே அமைப்பிடம் ஐந்து நட்சத்திரம் பெற்றது. கனமான காரும் இலேசான காரும் ஒரே தகுதியை எட்ட முடியும் என்பது இதனால் உறுதியாகிறது.

2023 அக்டோபர் 1 முதல் நம் நாட்டுக்கென 'பாரத் என்கேப்' நடைமுறையில் உள்ளது. 1966இல் நிறுவப்பட்ட புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. ஆய்வு நிறுவனம் போன்றவை மோதல் சோதனைகளை நடத்தும் திறன் பெற்றவை. முன்மோதல் சோதனையில் கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முகப்பின் 40 சதவீதம் படுமாறு, நசுங்கக்கூடிய தடுப்பின்மீது மோதவிடப்படுகிறது. ஒவ்வொரு காரும் தன் ஆற்றலையே தாங்கிக் காட்டும் சோதனை இது. ஆதலால் ஒத்த எடையுள்ள கார்களிடையே மட்டுமே நட்சத்திரங்களை ஒப்பிடுவது முறை. ஐந்து நட்சத்திரம் பெற்ற சிறிய கார், தன்னைவிட மிகக் கனமான வண்டியோடு மோதினாலும் அதே அளவு காக்கும் என்று கொள்ளலாகாது.

காருக்கு வெளியே இருப்போர்

ஆண்டுதோறும் ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பல்லக்கு விஷ்ராந்த்வாடி வழியே புனேக்குள் நுழைகிறது; வார்கரி அடியார்கள் பெருந்திரளாக நடந்து வருகின்றனர். எஞ்சிய நாள்களிலும் அச்சாலை நடப்போருக்கும் இருசக்கர வாகனத்தாருக்கும் உரியதே. 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றோர், 19.5 சதவீதத்தினர் நடந்து சென்றோர். நட்சத்திரச் சான்று பெரும்பாலும் காருக்குள் இருப்பவருக்கானது. உயர்ந்த, நிமிர்ந்த முகப்பு, நடப்பவரின் காலுக்கு மேலே, இடுப்பிலும் மார்பிலும் தாக்கக்கூடும். கனத்தால் நமக்குக் கிடைக்கும் துணிவு, வேகத்தைக் கூட்டும் துணிவாக மாறினால், அதற்கான விலையைச் செலுத்துவோர் பிறரே.

கடன் விண்ணப்பத்துக்கு முன்

கார் தேர்வில் சிலவற்றை நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறோம். எடையைக் கேட்பதற்கு முன் மோதல் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். நீங்கள் வாங்கவிருக்கும் ரகத்துக்கு அச்சான்று பொருந்துமா என்று சரிபாருங்கள். உயரமான கார் திடீர்த் திருப்பத்தில் நிலைதடுமாறும் வாய்ப்பு மிகுதி. ஆதலால் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடான ஈ.எஸ்.சி. இன்றியமையாதது. பாரத் என்கேப்பில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ பெறுவதற்கும் அது தேவை. மாதத் தவணையைக் குறைக்க எண்ணினால் கண்ணாடிக் கூரையைத் துறக்கலாம். ஏர்பேக்குகளைத் துறக்க வேண்டாம். பின்னிருக்கையில் அமர்வோரும் சீட் பெல்ட் அணியட்டும். குழந்தைக்கு உரிய இருக்கையின் விலையையும் கார் வாங்கும் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

தவணை முடியும் வரை மட்டுமன்று, அதற்கப்பாலும் நம் குடும்பத்தைச் சுமந்து செல்லப்போகும் வண்டி அது. அதன் எடையை மாற்றுவது நம் கையில் இல்லை. அதன் வேகம் எப்போதும் நம் காலடியில்தான் இருக்கிறது.