பசுவுக்கு விடுமுறை, காபிக்குப் பூமணம்

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் டிகாக்ஷனைத் துறக்க வேண்டியதில்லை. தேங்காய்ப்பாலும் தாழம்பூ நீரும் கொல்கத்தாத் தமிழரின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

தெற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பத்துக்கு வேண்டிய எல்லாமே கிடைக்கும்: முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழையிலை, மல்லிகைச் சரம், காபித் தூள். ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய இந்தப் பகுதியில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தென்னிந்தியர்கள் ஊரை விட்டு வந்தார்களே தவிர, ஃபில்டரை விட்டு வரவில்லை.

அந்த டம்ளரில்தான் இப்போது சங்கடம். வயது ஏற ஏறப் பலருக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை. குடித்த சற்று நேரத்தில் வயிறு பொருமுகிறது. காரணம், பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுவது. உலகில் வயது வந்தோரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்த நிலை உண்டு. இந்தியாவில் வடக்கைவிடத் தெற்கில் இது அதிகம். 'பாலைக் குறையுங்கள்' என்று மருத்துவர் சொன்னால், வீட்டுப் பெரியவர்களின் காதில் அது 'காபியை விடுங்கள்' என்றுதான் விழுகிறது. போதாக்குறைக்கு, விலங்குகளிடமிருந்து வரும் எதுவும் வேண்டாம் என்று முடிவெடுத்த பேத்தியும் பாட்டியோடு சேர்ந்துகொள்கிறாள்.

இந்த நகரத்திடம் ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. காலேஜ் தெருவில், பழைய ஆல்பர்ட் ஹாலில் இயங்கும் காபி ஹவுஸில் பால் சேராத காபிக்கு 'இன்ஃப்யூஷன்' என்று பெயர். கவிஞர்களும் மாணவர்களும் ஒரே கோப்பையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் விவாதிக்க அது போதும். கெட்டியான டிகிரி காபியில் வளர்ந்த நாக்குக்கு அது போதாது.

கடைகளில் சோயா, பாதாம், ஓட்ஸ் பானங்கள் அட்டைப் பெட்டிகளில் வருகின்றன. விலைதான் பசும்பாலைப் போலப் பல மடங்கு. அவற்றைப் 'பால்' என்று அழைப்பதிலும் தகராறு: 2021இல் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், இத்தகைய பானங்களைப் பால் பொருட்களின் வரிசையில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. தேங்காய்ப்பாலுக்கு இந்தச் சிக்கல் தமிழில் எப்போதும் இருந்ததில்லை. ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் ஊற்றிக்கொள்வது பால்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

திரிவது ஏன்?

பால் திரிவது வங்காளத்தில் நல்ல செய்தி. திரிந்த பாலிலிருந்து கிடைக்கும் சானாவில்தான் ரசகுல்லாவும் சந்தேஷும் பிறக்கின்றன. 1965இல் பால் தட்டுப்பாட்டைச் சமாளிக்கச் சானா இனிப்புகளுக்கே மேற்கு வங்க அரசு தடை போட, நகரமே கொதித்தது. ஆனால் காபியில் திரிந்தால் டம்ளரோடு கொட்ட வேண்டியதுதான். பாதாம், சோயாப் பால்களை முதன்முதலாகக் காபியில் ஊற்றுபவர்கள் சந்திக்கும் ஏமாற்றம் இதுவே.

காரணம் எளியது. காபியில் லேசான அமிலத்தன்மை உண்டு. அமிலமும் சூடும் ஒன்றுசேரும்போது தாவரப் புரதம் கட்டிபட்டுத் திப்பி திப்பியாகப் பிரிகிறது. எனவே சில விதிகள். தாவரப் பாலைக் கொதிக்க விடக் கூடாது. விரல் பொறுக்காத சூடு வந்ததும் இறக்கிவிட வேண்டும். டிகாக்ஷனும் கொதிநிலையில் இருக்கக் கூடாது. பாலில் டிகாக்ஷனைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். இளம் வறுவலைவிடக் கரும் வறுவல் தூளில் அமிலம் குறைவு என்பதால் அது பாதுகாப்பானது.

தேங்காய்ப்பாலில் புரதம் குறைவு. ஆகவே திரியும் அபாயமும் குறைவு. கொதித்தால் எண்ணெய் மிதக்கும், அவ்வளவுதான். அரை மூடித் தேங்காயைத் துருவி, முக்கால் டம்ளர் வெந்நீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் முதல் பால். சக்கையில் மறுபடி அதே அளவு வெந்நீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால். காபிக்கு இரண்டும் வேண்டும்: இரண்டாம் பால் மூன்று பங்கு, முதல் பால் ஒரு பங்கு. முழுவதும் முதல் பாலானால் காபி பாயசமாகிவிடும்.

ஒரு டம்ளருக்கு 50 மில்லி கெட்டி டிகாக்ஷனும் 100 மில்லி கலந்த தேங்காய்ப்பாலும் சரியாக இருக்கும். ஆற்றும்போது பசும்பாலைப் போல நுரை பொங்காது. நுரை இல்லாமல் முடியாது என்பவர்களுக்குச் சோயாப் பால் உகந்தது. ஆனால் ஊறவைத்து அரைத்த சோயாப் பாலை முதலில் நன்றாகக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும். பச்சை சோயா செரிமானத்தைக் கெடுக்கும். ஆறியபின் காபிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

நவாபின் வாசனை

தேங்காயின் வாடை காபியை அமுக்கிவிடுகிறது என்பது பலரின் புகார். பூ வேலைக்கு வருவது இங்கேதான்.

1856இல் அவத் அரசை இழந்து கொல்கத்தாவின் மெட்டியாபுருஸில் குடியேறிய நவாப் வாஜித் அலி ஷாவுடன் லக்னோவின் சமையலும் வந்தது. இன்றும் கொல்கத்தா பிரியாணியில் உருளைக்கிழங்கோடு கேவ்டா நீரும் பன்னீரும் மணக்கின்றன. கேவ்டா வேறொன்றுமில்லை, தாழம்பூ. பக்கத்து ஒடிசாவின் கஞ்சம் மாவட்டக் கடலோரத்தில் விளையும் ஆண் தாழம்பூவைக் காய்ச்சி வடித்து எடுப்பது. கஞ்சம் தாழம்பூவுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஒரு டம்ளர் காபிக்குக் கால் தேக்கரண்டி கேவ்டா நீர் போதும். 'எசென்ஸ்' என்று எழுதிய புட்டியானால் ஒரே ஒரு சொட்டு. கூடினால் காபி குடிப்பது போலவே இருக்காது, கல்யாண வீட்டு வாசலில் நிற்பது போல இருக்கும்.

ரோஜாவுக்கும் காபிக்கும் நெருக்கம் இன்னும் அதிகம். டமாஸ்கஸ் ரோஜாவின் மணத்துக்குக் காரணமான பொருட்களில் ஒன்றான டமாசினோன், வறுத்த காபியின் மணத்திலும் இருக்கிறது. எனவே அரைத் தேக்கரண்டி பன்னீர் டிகாக்ஷனோடு சண்டை போடுவதில்லை. எந்தப் பூ நீரானாலும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே சேர்க்க வேண்டும். சூட்டில் மணம் பறந்துவிடும்.

மல்லிகைக்கு வழி வேறு. தாய்லாந்தில் இரவில் மல்லிகையை நீரில் மிதக்கவிட்டு, மணமேறிய அந்த நீரை விட்டுத் தேங்காய்ப்பால் பிழிந்து இனிப்பு செய்வார்கள். அதையே காபிக்கும் செய்யலாம். கொதித்து ஆறிய நீரில், அன்று மாலை பறித்துக் கழுவிய பத்துப் பதினைந்து மல்லிகை மொட்டுகளை மிதக்கவிட்டு மூடிவைத்தால் இரவில் மலர்ந்து மணம் இறங்கிவிடும். காலையில் பூவை எடுத்துவிட்டு, நீரை லேசாகச் சூடாக்கித் தேங்காய் அரைக்க வேண்டும்.

ஆனால் எந்த மல்லிகை என்பது முக்கியம். லேக் மார்க்கெட்டிலும் ஹவுரா பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தையிலும் விற்பவை தலைக்கும் சாமிக்கும் வளர்க்கப்பட்டவை. பூச்சிமருந்து தெளிக்கப்பட்டிருக்கலாம். வீட்டுத் தொட்டியில் மருந்தின்றிப் பூத்த குண்டுமல்லியே காபிக்கு ஆகும். சரத்தோடு கலந்து வரும் அரளி கொடிய நஞ்சு. பன்னீர் வாங்கும்போதும் முகத்துக்குப் பூசுவதா, உணவுக்கானதா என்று புட்டியைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. தேங்காய்ப்பால் பசும்பாலுக்குச் சத்தில் ஈடாகாது. புரதமும் கால்சியமும் குறைவு, கொழுப்பு அதிகம். நாளுக்கு ஒரு டம்ளர் காபிக்குச் சரி. வளரும் குழந்தைக்குப் பாலுக்குப் பதிலாக இதைக் கொடுப்பது சரியல்ல. இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனைக்குப் பிறகும், 'காபியில் பூவா?' என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு தகவல் உண்டு. காபிச் செடியின் வெள்ளைப் பூ மல்லிகை போலவே மணக்கும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை ஆராய்ந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் அந்துவான் து ஜுஸ்ஸியூ, அதற்கு 'அரபு மல்லிகை' என்று பொருள்படும் லத்தீன் பெயரையே வைத்தார். இன்றைய 'காஃபியா அரபிகா' என்ற பெயர் 1753இல் லின்னேயஸ் தந்தது. லேக் மார்க்கெட்டில் காபித் தூளையும் மல்லிகையையும் ஒரே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் அந்தப் பழைய உறவு தெரியாமலேயே அதைக் காப்பாற்றி வருகிறார்கள்.